உலோகங்களின் கதை – 9: கலம் உலோகமான வரலாறு

பழனியிலிருந்து தென்மேற்கே புறப்பட்டு, முன்னாளில் பாளையக்காரர்கள் வீற்றிருந்த பாலசமுத்திரத்தைக் கடந்து, மலையடிவாரத்தை நோக்கிப் போகும் பாதையில், பொருந்தலாற்றின் இடக்கரையில் இருக்கும் பொருந்தல் என்னும் சிற்றூரில் சென்ற இதழில் நாம் தங்கியிருந்தோம். 2009-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழ்ந்த புதைகுழிகளுள் ஒன்றில், நான்கு கால்களையுடைய சாடிக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் இருந்ததையும், அந்நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பெற்றதையும், பிரிமனை ஒன்றில் ‘வய்ர’ என்னும் சொல் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்ததையும், இரும்புக் கருவிகளும் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டதையும் விரிவாகவே பார்த்தோம். பொருந்தில் இளங்கீரனார் என்ற சங்கப் புலவரின் ஊர் இதுவாகவே இருக்கலாம் என்று அறிஞர் கருதுவதையும் குறிப்பிட்டோம்.

அதைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று பள்ளிப் புத்தகத்தில் வரிசைப்படுத்திக் கற்பித்திருக்கிறார்களே, கல்லிலிருந்து நேரே இரும்புக்கு வந்துவிட்ட இந்தக் கதையில் நடுவிலிருக்கும் வெண்கலம் எங்கே போயிற்று? நியாயமான கேள்விதான். அந்த வரிசை கோபன்ஹேகன் நகரத்து அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களை அடுக்கி வைப்பதற்காக கிறிஸ்டியன் தாம்சன் என்பவர் வகுத்து, 1836-இல் அச்சிட்டு வெளியிட்டது. டென்மார்க்கு தேசத்துக் கல்லறைகளுக்கு அது மிகவும் பொருந்திற்று. நமது தேசத்தின் தென்பாதிக்குப் பொருந்தவில்லை. இங்கே கற்கருவி வழங்கிய மக்களின் படிவுகளுக்கு மேலே இரும்பு வந்துவிடுகிறது. மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-லும், சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறதென்று 2025 ஜனவரியிலும் தமிழக அரசு அறிவித்தபின், வெண்கலத்துக்கென்று தனியாக ஒரு யுகத்தை இந்த நாட்டில் தேடுவது முன்னிலும் வீணான காரியமாகிவிட்டது.

ஆனால் வெண்கலக் காலம் இல்லை என்பதனால் வெண்கலமே இல்லை என்று ஆகிவிடாது. 1876-இல் பெர்லின் நகரத்து டாக்டர் ஜாகர் முதன்முதலாகத் தோண்டிப் பார்த்ததும், 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் முறையாக அகழ்ந்ததுமான ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், இரும்பு வாள்களுக்கும் வேல்களுக்கும் பக்கத்திலேயே, விலங்குகளும் பறவைகளும் நிற்கும் மூடிகளோடு கூடிய வெண்கலப் பாத்திரங்கள் இருந்தன. நீலகிரியின் முதல் ஆணையராயிருந்த பிரீக்ஸ் துரை அம்மலையின் கல்வட்டங்களிலிருந்து எடுத்த வெண்கலக் கிண்ணங்கள், மெல்லிய சுவரும் நுட்பமான வேலைப்பாடும் உடையவை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலின் புதைகுழியொன்றில், மணிக்கற்கள் பதித்த சிறிய வெண்கலப் புலி அகப்பட்டது. இரும்பு உழுவதற்கும் வெட்டுவதற்கும் போரிடுவதற்கும் இருந்தது. வெண்கலம் உண்பதற்கும் போற்றி வைப்பதற்கும் இறந்தவரோடு சேர்த்து அனுப்புவதற்கும் இருந்தது. ஐரோப்பியருக்கு வெண்கலம் இரும்புக்கு முன்னோடி. நமக்கு அது இரும்பின் உடன்பிறப்பு, அதிலும் செல்வமாக வளர்க்கப்பட்ட உடன்பிறப்பு.

இனிச் சொல்லுக்கு வருவோம். இந்தத் தொடரில் இதுவரை கண்ட உலோகப் பெயர்கள் பலவும் நிறத்தால் வந்தவை. செம்மை நிறத்தால் செம்பு. லோஹம் என்ற வடசொல்லும் ஆதியில் சிவப்பைக் குறித்து, அதன்வழியே செம்பைக் குறித்து, பிறகு இரும்புக்குப் பெயராகி, முடிவில் எல்லா உலோகங்களுக்கும் பொதுப்பெயராயிற்று. தமிழில் பொன் என்பதும் அப்படித்தான் விரிந்து நின்றது. இல்லாவிட்டால் இரும்புக்குக் கரும்பொன் என்றும், ஐந்து உலோகச் சேர்க்கைக்கு ஐம்பொன் என்றும் பெயர் அமைந்திராது. வெண்கலம் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராமல் தனித்து நிற்கிறது. வெண்மை, கலம் என்னும் இரு சொற்களின் சேர்க்கை என்று அந்தச் சொல் தன்னைத் தானே காட்டுகிறது. கலம் என்பது உலோகத்தின் பெயரன்று, பாத்திரத்தின் பெயர். உண்ணும் கலத்துக்கு இட்ட பெயர், அந்தக் கலம் எதனால் ஆயிற்றோ அதற்கே பெயராய் ஏறிவிட்டது.

இதற்கு நேர்மாறான பயணத்தைச் செம்பு செய்திருப்பதைப் பாருங்கள். செம்பு முதலில் உலோகம். அதனால் செய்த நீர்ப்பாத்திரம் பிறகு செம்பு ஆயிற்று. பேச்சில் சொம்பு ஆயிற்று. இன்று பித்தளைச் சொம்பு, எவர்சில்வர் சொம்பு என்று நாம் கூசாமல் சொல்லும் அளவுக்கு அந்த உலோகம் மறந்து பாத்திரம் மாத்திரம் எஞ்சிற்று. ஒன்றில் உலோகம் பாத்திரமாயிற்று, மற்றொன்றில் பாத்திரம் உலோகமாயிற்று. இரண்டும் ஒரே அடுப்படியில் நடந்தன. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டவனுக்கு இதைவிட இன்பமான காட்சி அரிது.

அந்தக் கலத்தை வெண்மையானது என்று ஏன் சொன்னார்கள்? செம்போடு வெள்ளீயத்தைக் கலக்கக் கலக்கச் செம்பின் சிவப்புக் குறைந்து, பொன்னிறமாகி, பின் வெளிறி, மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயமான அளவில் வெள்ளி போலவே ஆகிவிடும். கேரளத்து ஆரன்முளையில் முகம் பார்க்கும் கண்ணாடியை அந்த உலோகத்தினால்தான் செய்கிறார்கள். நமது பெரியவர்கள் வெண்கலத்துக்குச் சொல்லிவந்த கணக்கு, எட்டுப் பங்கு செம்புக்கு இரண்டு பங்கு வெள்ளீயம் என்பது. நூற்றுக்கு இருபது என்ற இந்த அளவை ஆதிச்சநல்லூர்க் கலங்களும் நீலகிரிக் கிண்ணங்களும் மீறியே நிற்கின்றன. நூற்றுக்கு இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து வரை அவற்றில் வெள்ளீயம் உண்டென்று சாரதா ஸ்ரீநிவாசன் போன்ற உலோகவியல் ஆராய்ச்சியாளர்கள் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். செம்புக் குடத்தின் பக்கத்தில் புளி போட்டுத் துலக்கிய வெண்கலக் கும்பாவை வைத்துப் பார்த்தால், அந்தப் பெயரை இட்டவர்களின் கண்ணை நாம் நம்பலாம்.

இந்த அளவில் ஓர் ஆபத்து உண்டு. வெள்ளீயம் இத்தனை ஏறிய உலோகத்தைச் சாதாரணமாக வார்த்து ஆறவிட்டால், ஓங்கி ஓர் அடி அடித்த மாத்திரத்தில் கண்ணாடி போல உடைந்துபோகும். அப்படியிருக்க, அந்தப் புராதனக் கன்னார்கள் காகிதம் போல மெலிந்த கிண்ணங்களை எப்படிச் செய்தார்கள்? சுமார் 600 பாகைக்கு மேற்பட்ட சூட்டில், உலோகம் செக்கச் சிவந்திருக்கும்போது மாத்திரம் அது வளைந்து கொடுக்கும் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தார்கள். அந்தச் சூட்டிலேயே தட்டித் தட்டி வட்டமாக்கி, ஆறும்போதெல்லாம் மீண்டும் உலையில் இட்டு, முடிவில் செஞ்சூட்டோடு நீரில் தோய்த்துவிட்டால், உடையும் தன்மை அதற்குள் உருவாக அவகாசம் கிடைப்பதில்லை. பாலக்காட்டுப் பக்கத்தில் பயங்காடி என்னும் ஊரில் இந்த வித்தை அண்மைக் காலம் வரை கைமாறி வந்தது. எந்த ரசாயன சாஸ்திரமும் எழுதப்படாத காலத்தில், நிறத்தையும் ஓசையையும் மட்டுமே குருவாகக் கொண்டு இந்த நுட்பத்தை அடைந்தவர்களை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்க்கிறது.

ஓசை என்றேன். வெண்கலத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பாலசமுத்திரத்தைப் போன்ற அடிவாரத்து ஊர்களில், பழைய வீட்டுச் சமையலறையின் பரணிலிருந்து ஒரு வெண்கலப் பானையை இறக்கினால், வீட்டிலிருக்கும் மூத்த பெண்மணி முதலில் அதை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்று எழுந்து, தட்டிய விரல் விலகிய பிறகும் நின்று, மெல்ல மெல்லக் கரைகிற நாதம் வந்தால் அது வெண்கலம். சட்டென்று அடங்கினால் பித்தளை, அல்லது கீறல் விழுந்த வெண்கலம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். அதில் புளியைக் கொதிக்கவிட்டால் களிம்பு ஏறும் என்பதற்காக நவச்சாரம் தூவி ஈயம் பூசுவார்கள். வெண்கலப் பானைக்கு அந்தப் பூச்சு வேண்டியதில்லை. தைமாதத்துப் பொங்கல் அதில்தான் பொங்க வேண்டும் என்று பிடிவாதம் செய்யும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

கோயில் மணி, சேகண்டி, குழித்தாளம், பஜனைக் கோஷ்டியின் ஜால்ரா யாவும் வெண்கல இனத்தைச் சேர்ந்தவையாதலால், தட்டி ஒலிக்கும் உலோகக் கருவிகளையெல்லாம் இசைநூலார் கஞ்சக்கருவி என்று ஒரே பெயரில் அடக்கினார்கள். கஞ்சம் என்பது காம்ஸ்யம் என்ற வடசொல்லின் தமிழ் உருவம். தைப்பூசத்துக்குக் கால்நடையாகப் பழனிக்கு வருகிற காவடிக் கூட்டத்தின் முன்னே சேகண்டியின் ஓசை ஒரு பர்லாங்கு தூரத்துக்கு முன்பே வந்துவிடும். மனிதர்களுடைய குரலுக்கும் இந்தச் சொல்லை நம்மவர் கொடுத்தார்கள் அல்லவா? கொடுமுடியில் பிறந்து, 1953-இல் ஔவையாராகத் திரையில் தோன்றிய கே. பி. சுந்தராம்பாளுடைய குரலும், சீர்காழி கோவிந்தராஜனுடைய குரலும் வெண்கலக் குரல்கள். தங்கக் குரல் என்றோ வெள்ளிக் குரல் என்றோ அவர்களைச் சொன்னால் அது வெறும் புகழ்ச்சியாய்ப் போய்விடும். வெண்கலக் குரல் என்றால் அது லட்சணம்: மேலே எழுந்த பிறகும் தடிக்காமல், அடங்கும்போதும் தெளிவு கெடாமல், கூட்டத்தின் கடைசி வரிசை வரை செல்வது. வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல என்ற பழமொழியிலும் உயிர் ஓசையில்தான். பானைக் கடையில் யானை புகுந்தாலும் நஷ்டம் உண்டு, ஊர் கூடும் சத்தம் இராது.

இதுவரை சொன்னதில் சிலைகளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசாததை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். வெண்கலம் என்றவுடனே நடராஜப் பெருமானின் திருவுருவம் மனத்தில் தோன்றும் இக்காலத்தில், அதைக் கடைசிக்கு ஒதுக்கியது வேண்டுமென்றே செய்தது. ஏனென்றால், அந்தத் திருவுருவங்களைச் செய்தவர்களும் செய்வித்தவர்களும் அவற்றை வெண்கலம் என்று சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைப் பாருங்கள். ராஜராஜனும் அவனுடைய தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த உத்ஸவ மூர்த்திகளை, அங்கே வைத்திருந்த முழக்கோலால் உயரம் அளந்து, கைகள் எத்தனை என்று எண்ணி, அவற்றுக்கு இட்ட நகைகளை எடைக்கல்லால் நிறுத்து எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு கணக்குப் பார்த்தவர்கள் உலோகத்தின் பெயரில் அஜாக்கிரதையாய் இருந்திருப்பார்களா? அவர்கள் எழுதியது செப்புத் திருமேனி என்று. ‘செம்பு’ என்பதே அவர்களுடைய சொல்.

அவர்கள் சொன்னது சரியும்கூட. சோழர் காலத்து உருவங்களைச் சோதித்தவர்கள் அவற்றில் கண்ட வெள்ளீயம் பொதுவாக நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு, ஏறக்குறைய அதே அளவு காரீயமும் சேர்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் செம்பு. காரீயம் சேர்ந்தால் உருகிய உலோகம் நீர் போல ஓடி, விரல் நுனியிலும் ஜடையின் இழையிலும் புகுந்து நிறையும். ஆனால் நாதம் செத்துப்போகும். உண்ணும் கலத்துக்கும் மணிக்கும் வேண்டிய உலோகம் வேறு, உருவத்துக்கு வேண்டிய உலோகம் வேறு என்பதை நம் கன்னாரும் ஸ்தபதிகளும் தெளிவாக அறிந்து, இரண்டுக்கும் இரண்டு சொற்களையும் வைத்திருந்தார்கள்.

உருவம் வார்க்கும் முறையை மதூச்சிஷ்ட விதானம் என்று சாஸ்திரம் சொல்லும். தேனை எடுத்தபின் எஞ்சுவது மெழுகு, அந்த மெழுகினால் செய்யும் முறை என்பது பொருள். பழனிமலையில் பளியர்கள் பாறைச் சரிவில் தொங்கி எடுக்கிற மலைத்தேனின் அடை இருக்கிறதே, அத்தகைய அடையின் மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவத்தை முழுமையாக வடித்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் கருக்கட்டி, நெருப்பில் காட்டி மெழுகை வெளியேற்றி, வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். மெழுகைப் போல எட்டு மடங்கு எடையுள்ள செம்பு வேண்டும் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டின் மானசோல்லாசம் கணக்கே கொடுக்கிறது. பழனியைப் போலவே முருகன் உறையும் சுவாமிமலையில் காவேரி வண்டலைக் கொண்டு இந்த வேலை இன்றும் நடக்கிறது. அங்கும் ஸ்தபதியின் வாயில் வருவது ஐம்பொன், பஞ்சலோகம் என்பவையே. பழனி மலைமேல் நிற்கும் மூலவரோ இந்தக் கணக்குக்கே உட்படாதவர். போகர் ஒன்பது பாஷாணங்களால் அமைத்தது என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை.

பின் வெண்கலச் சிலை என்ற வழக்கு எங்கிருந்து வந்தது? மேல்நாட்டிலிருந்து வந்தது என்பதே என் முடிவு. ஆங்கிலத்தில் வெண்கலத்தைக் குறிக்கும் பிரான்ஸ் என்ற சொல் பழைமையானதன்று. 1611-இல் வெளிவந்த அவர்களுடைய வேத மொழிபெயர்ப்பில் செம்புக் கலவை எல்லாவற்றுக்கும் பிராஸ் என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பழைய கிரேக்க, ரோமானியச் சிற்பங்களில் மோகம் கொண்ட ரசிகர்கள் பிரான்ஸோ என்ற இத்தாலியச் சொல்லைத் தங்கள் மொழியில் நிலைநிறுத்தினார்கள். அந்த இத்தாலியச் சொல்லுக்கே மூலம் பிருந்தீசியம் என்னும் துறைமுகமா, பாரசீகத்துப் பிரிஞ்ச் என்னும் சொல்லா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எப்படியானாலும் அது ஆதிமுதல் சிற்பக்காரனுடைய சொல்; நம்முடைய வெண்கலமோ சமையற்காரியுடைய சொல். நம் நாட்டிலே வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள், மோசே பாலைவனத்தில் உயர்த்திய சர்ப்பத்தை வெண்கலச் சர்ப்பம் என்றார்கள். அன்பில்லாத பேச்சை ஓசையிடும் வெண்கலத்துக்கு ஒப்பிடும் இடத்தில் அந்தச் சொல் அச்சாணிபோல் பொருந்தியது. பின்னர்க் கலை ரசிகர்கள் வந்தார்கள். 1915-இல் ஓ. சி. கங்கூலி தென்னிந்திய உருவங்களைப் பற்றி எழுதிய பெருநூலுக்கு ‘பிரான்ஸ்கள்’ என்றே பெயரிட்டார். 1932-இல் சென்னை அருங்காட்சியகத்துக்காக கிரேவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் தயாரித்த அட்டவணை மட்டும், எச்சரிக்கையோடு, ‘உலோக உருவங்கள்’ என்று தலைப்பிட்டுக்கொண்டது. அந்த எச்சரிக்கை நிலைக்கவில்லை. 1963-இல் வெளியான சி. சிவராமமூர்த்தியின் நூலும் பி. ஆர். ஸ்ரீநிவாசனின் நூலும் பழையபடி ‘பிரான்ஸ்கள்’ என்றே வந்தன. பத்திரிகைகள் அகராதியைப் பார்த்து வெண்கலச் சிலை என்று மொழிபெயர்த்தன. சிலை என்பது சிலா என்ற வடசொல்லின் வழிவந்தது. கல் என்பது அதன் முதற்பொருள். ஆக, செம்பினால் ஆகிய திருமேனியை, தட்டினால் ஒலிக்கும் கலத்தின் பெயராலும் கல்லின் பெயராலும் சேர்த்து அழைக்கிறோம்.

வழக்கில் ஏறிவிட்ட சொல்லை மாற்ற முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். பேச்சில் மாற்ற வேண்டாம். ஆனால் அருங்காட்சியகத்தின் பெயர்ச்சீட்டிலும் பாடப்புத்தகத்திலும் செப்புத் திருமேனி என்று எழுதுவதற்குத் தடை என்ன? சொந்தக்காரர்களே கல்லில் வெட்டி வைத்துப்போன பெயர் அது. 1976-இல் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டுக் கடத்தப்பட்ட நடராஜரை மீட்பதற்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி, 1991-இல் அவரைத் திரும்ப அழைத்துவந்த நாடு, அவருடைய பெயரையும் மீட்டுக்கொள்ளலாம்.

வெண்கலத்துக்கு இப்போது மூன்றாமிடம் என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. 1904-இல் செயின்ட் லூயி நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில் முதல் மூவருக்கும் பொன், வெள்ளி, வெண்கலம் என்று கொடுக்கத் தொடங்கியதன் பலன் அது. சேலத்துப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த மாரியப்பன் தங்கவேலு, மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில் உயரம் தாண்டி, ரியோவில் தங்கமும் டோக்கியோவில் வெள்ளியும் 2024-இல் பாரிஸில் வெண்கலமும் பெற்று மூன்று உலோகங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வெண்கலத்தை இறக்கமாகச் சொல்லுவோருக்கு ஆதிச்சநல்லூரின் கலங்களைக் காட்ட வேண்டும்.

சொல்லைப் பற்றிய கவலையைவிடப் பெரிய கவலை பொருளைப் பற்றியது. பழைய பாத்திரம் வாங்குகிற வியாபாரி தெருவில் குரல் கொடுக்கும்போது, பரணிலிருந்து இறங்கும் வெண்கலப் பானைகளும் உருளிகளும் கும்பாக்களும் எடைக்கு எடை விலைபோய், உடைந்து, எங்கோ ஓர் உலையில் உருகிவிடுகின்றன. அவற்றின் கழுத்திலும் விளிம்பிலும் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துக்கள் இருக்கும்: சீர் கொண்டுவந்த பெண்ணின் பெயர், அவள் பிறந்த ஊர், சில சமயம் வருஷம். பொருந்தலின் பிரிமனையில் ‘வய்ர’ என்று எழுதிய கையும், பாட்டியின் பானையில் பெயர் வெட்டிய கையும் ஒரே காரியத்தைத்தான் செய்தன. பாலசமுத்திரத்திலும் ஆயக்குடியிலும் நெய்க்காரப்பட்டியிலும், வேறு எந்த ஊரிலும், உங்கள் வீட்டில் அப்படியொரு கலம் இருந்தால், விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும், முதலில் அதைத் துலக்கி, அந்த எழுத்துக்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் உள்ளபடியே பார்த்து எழுதி வையுங்கள்.